இம்போர்ட் ஆகாத கிளிப்புகள்

வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டரைச் சரி பண்ணுவது என் வேலை என்றாலும், அதில் முக்கால் பங்கு பக்கத்தில் நிற்கிறவரிடம் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்வதுதான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் என் கடை. கேமராவில் எடுத்த நீளமான கிளிப்பை சாஃப்ட்வேருக்குள் இழுத்துப் போட்டு, திரையில் அந்தக் கோடு எழுபது சதவீதம் வரை ஓடி, அப்படியே உறைந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாம் மூடிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான்கு நாள் ஜெபம்

ஊரப்பாக்கத்தில் கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் படம் பிடிக்கிறவர் டேனியல். ஒருநாள் சிபியூவை பெட்ஷீட்டில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். சாஃப்ட்வேரை நான்கு தடவை அழித்து மறுபடி போட்டிருக்கிறார். ரேம் மாற்றியிருக்கிறார். ஒரு கல்யாணத்தின் இரண்டு மணி நேரக் கிளிப் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் ஆல்பம், வீடியோ இரண்டும் வேண்டும்.

"கிளிப் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "கார்டுலதான்" என்றார். கேமராவின் மெமரி கார்டைச் செருகியிருந்தது, ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் வாங்கிய கார்டு ரீடரில். மேஜை ஆடினாலே இணைப்பு விட்டுப்போகும். கிளிப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணி, அங்கிருந்து இழுத்துப் போட்டேன். ஒரே நிமிஷத்தில் உள்ளே போய் உட்கார்ந்தது. டேனியல் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாலு நாளா உபவாசம் இருந்து ஜெபம் பண்றேன் மேடம். காப்பி பண்ணுடான்னு ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

வசந்தா டீச்சரின் வகுப்பு

டியூஷன் போக வசதியில்லாத பிளஸ் டூ பிள்ளைகளுக்காக, ரிட்டயர் ஆன கெமிஸ்ட்ரி டீச்சர் வசந்தா வீட்டிலேயே பாடம் எடுத்து செல்போனில் பதிவு பண்ணுவார். பதிவு என்றால் ஒரே மூச்சு, இரண்டேகால் மணி நேரம். செல்போன் சீரான வேகத்தில் படம் பிடிப்பதில்லை. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வேகம் கூடும், குறையும். நீளமான கிளிப்பில் அந்தக் கணக்கு புரியாமல் சாஃப்ட்வேர் திணறி நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "இனிமே இருபது இருபது நிமிஷமா எடுங்க டீச்சர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "முப்பது வருஷமா என் கிளாஸ்ல பசங்க தூங்கியிருக்காங்க. கம்ப்யூட்டர் தூங்கறது இதுதாம்மா முதல் தடவை."

இரண்டு செகண்ட்

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவை வீடியோகிராபர் செல்வம் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் எடுத்திருந்தார். எத்தனை தடவை போட்டாலும் ஒரே இடத்தில் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வேறொரு சின்ன டூலில் கிளிப்பை இரண்டாக வெட்டி, எந்தப் பாதி மக்கர் பண்ணுகிறதோ அதை மறுபடி இரண்டாக வெட்டி, அப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரு மதியம் முழுக்க வெட்டியதில் கடைசியில் இரண்டு செகண்ட் கையில் சிக்கியது. ஹாலில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்த நேரம். அதை மட்டும் தூக்கி எறிந்தோம். மற்றதெல்லாம் சமர்த்தாக உள்ளே போனது. செல்வம் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா போன் பண்ணினாராம். கோபமாகக்கூட இல்லையாம், அதுதான் செல்வத்துக்குத் தாங்கவில்லை. அந்த அம்மா சொன்னது: "ஸ்டெப் மறக்காம என் பொண்ணு ஆடினதே அந்த ரெண்டு செகண்டுதான் சார்."

ரெண்டரிங் ஓடுது

தாம்பரம் சாதிக் வீடியோ எடுத்தது ஒரு முஸ்லிம் கல்யாணம், நிக்காஹ். மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்கும் நேரத்தில் கேமராவின் பேட்டரி செத்துவிட்டது. கேமரா பதிவை முடிக்கும்போதுதான் கிளிப்பில் எது எங்கே என்ற விவரத்தை எழுதி வைக்கும். முடிக்கவில்லையென்றால் கிளிப் இருந்தும் இல்லாத மாதிரிதான்; சாஃப்ட்வேர் தொட்டவுடனே விழும். சாதிக்குக்குப் பயம். பெண்ணின் அப்பா கேட்கும்போதெல்லாம் "ரெண்டரிங் ஓடுது பாய்", அதாவது கம்ப்யூட்டர் வீடியோவைக் கோத்துக்கொண்டிருக்கிறது என்றே இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்.

அதே கேமராவில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாக வைத்து, உடைந்ததை எழுப்பினேன். பெண்ணின் குரல் தெளிவாக வந்தது. ஆனால் கடைசி எட்டு நிமிஷத்துக்குப் படம் கட்டம் கட்டமாக உடைந்துதான் இருந்தது. "இதுக்கு மேல வராது. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றேன். என் கடையிலிருந்தே பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெரியவர் ஸ்பீக்கரில் சொன்னார்: "படம் போனா போகட்டும் தம்பி. ரெண்டு வாரமா நீ சொன்னதை நம்பி நான் என் பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேனே, அதை எப்படிச் சரி பண்றது?"

ஹெல்மெட் கேமரா

உணவு டெலிவரி பண்ணும் பாபுவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெட்டில் கேமரா மாட்டி ஓட்டுகிறவர். காய்கறிப் பையோடு சாலையைக் கடந்த ஒரு அம்மா மேல் அவர் வண்டி மோதி, அந்த அம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. அந்த அம்மாதான் திடீரென்று குறுக்கே வந்தார் என்று பாபு போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்; அதைக் காட்ட வீடியோ கேட்கிறார்கள். தப்பு இவர் மேல் என்றால் லைசென்ஸும் போகும், வேலையும் போகும். "நாலு மணி நேரம் கீது அக்கா. லேப்டாப்ல போட்டாலே மூடிக்குது. அந்தம்மா குறுக்க வந்தாங்கோ பாரு, அங்கேர்ந்து கட் பண்ணிக் குடு, போதும்" என்றார்.

அந்தக் கேமரா ஒரே பதிவை ஒன்பது துண்டாக உடைத்து வைத்திருந்தது. பழைய லேப்டாப்பில் ஒன்பதையும் சேர்த்துப் போட்டால் மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்? நமக்கு வேண்டியது ஒரு துண்டுதான். அதை மட்டும் திறந்து, இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட்டினேன். சாலை, பஸ், ஒரு டீக்கடை. திடீரென்று படம் கீழே குனிந்தது. ஹேண்டில்பாரில் மாட்டிய செல்போன், அதில் மேப். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு செகண்ட். படம் நிமிர்ந்தபோது பச்சைப் புடவையில் அந்த அம்மா நேர் எதிரே இருந்தார். சாலையில் பாதிக்கு மேல் கடந்துவிட்டிருந்தார். ஹெல்மெட்டில் கேமரா என்றால் தலை எங்கே திரும்புகிறதோ அதைத்தானே எடுக்கும்?

நான் நிறுத்திவிட்டேன். தான் குனிந்தது பாபுவுக்கே அதுவரை நினைவில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று வந்தவுடனே சொல்லியிருந்தார். அவர் கேட்ட இடத்திலிருந்தே வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியதை மறைக்கவில்லை. பிறகு நடந்ததை அவரே ஒருநாள் வந்து சொன்னார். லைசென்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு குடோனில் வேலை. அந்த அம்மாவின் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை, இரண்டாம் தடவை உட்காரச் சொன்னார்களாம். ஆனால் அன்றைக்குக் கடையில், மவுஸைப் பிடித்தபடி நான் தயங்கியபோது, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "குனிஞ்சதையும் சேத்தே குடு அக்கா."

இத்தனைக்கும் என் சர்வீஸ் நோட்டில் அன்றைக்கு நான் எழுதியது, "இம்போர்ட் ஆகவில்லை, சரி செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான்.