கட்டில் காலுக்கு ஊற்றிய தண்ணீர்

வளைகாப்பு முடிந்து என் மகளைச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு அழைத்து வந்த அன்று, அவள் மாமியார் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "ரெண்டு பேரா அனுப்புறேன் சம்பந்தி. ரெண்டு பேரா திருப்பிக் குடுத்துடணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேனில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். புதுச்சத்திரம் வரும்வரை நானும் சிரித்த முகமாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

யார் எதைச் சொன்னாலும், சொன்ன விதம் நன்றாக இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் கடையில் காலமெல்லாம் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன படிப்பு இருக்கிறது? வருகிறவர்கள் பேசுவதுதான் பாடம். கேட்டதை அடுத்த ஆளிடம் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய சாப்பாடு செரிக்கும். என் மனைவி மகளிடம் சொல்வாள்: "உங்க அப்பாவுக்குக் காது ரெண்டுமே வாசப்படிதான். ஒண்ணுல வந்து ஒண்ணுல போயிடும். உள்ள ஒக்காராது." அதையும் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அது 2012. முந்தின மார்கழியில் வந்த புயல் எங்கள் வீட்டு ஓடுகளைக் கொண்டுபோயிருந்தது. அவசரத்துக்குத் தகரம் போட்டோம். தகரத்துக்குக் கீழே பகலில் மனிதன் இருக்க முடியாது. மின்விசிறி என்று ஒன்று தொங்கியது, ஆனால் அந்த வருஷம் மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். அதனால் வீட்டுக்குப் பக்கவாட்டில் கிணற்றடி வரைக்கும் ஒரு கீற்றுக் கொட்டகை இறக்கினேன். நாலு பக்கமும் திறப்பு. சாப்பாடு, பேச்சு, பகல் தூக்கம் எல்லாம் அங்கேதான். மகளுக்கு ஓர் இரும்புக் கட்டிலைக் கொண்டுவந்து அதில் போட்டோம்.

அவள் வந்த பத்தாம் நாள் தெருமுனை வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் அதே வரிசையில் இன்னும் இரண்டு பேருக்கு. சோதனைக்கு மகளைக் கூட்டிப்போன இடத்தில் நர்ஸ் அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கொசுக்கடி இல்லாம பாத்துக்குங்க அண்ணே. மத்தவங்களுக்கு வந்தா ஒரு உசுரு. இவுங்களுக்கு வந்தா ரெண்டு."

மறுபடியும் அந்த ரெண்டு.

அன்றிலிருந்து நான் கடைக்குப் பாதி நாள்தான் போனேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கே கொசுக்காய்ச்சல் வந்து, மூட்டு மூட்டாக வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன். கொசுவைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கடலூரில் இல்லை என்ற நினைப்பு எனக்கு. சாக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். புயலில் விழுந்த மாமரத்தின் பொந்துகளை மண் போட்டு அடைத்தேன். கொட்டாங்குச்சி, உடைந்த தொட்டி, பூஞ்சட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு வேட்டித் துணியால் வாய் கட்டினேன். பொழுது சாயும்போது வேப்பிலைப் புகை, சாம்பிராணி. கொட்டகையைச் சுற்றி நைலான் வலை. கையில் கொசு பேட்.

"ப்பா, கொசுவுக்கு முன்னாடி நான் செத்துடுவேன் போலருக்கு" என்று மகள் இருமிக்கொண்டே சிரிப்பாள்.

"வாயக் கழுவு" என்பாள் என் மனைவி.

ஒரு நாள் மத்தியானம் மகள் கட்டிலில் இருந்து கத்திக்கொண்டு எழுந்தாள். சிற்றெறும்பு. மாமியார் வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். விழுந்த மாமரத்திலிருந்து கட்டில் கால்வரை கறுப்பு நூல் இழுத்த மாதிரி வரிசை. முதுகெல்லாம் தடிப்பு.

நான் சும்மா இருப்பேனா? கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் டப்பாக்களில் நாலை எடுத்துப் பாதியாக வெட்டினேன். கட்டிலின் நாலு காலையும் அவற்றுக்குள் நிறுத்தினேன். தண்ணீர் ஊற்றினேன். எறும்பு நீந்தி வருமா என்ன? பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று என் மனைவி மெத்தை விரிப்பைத் தரைவரைக்கும் தொங்கவிட்டாள். தினமும் காலையில் பல் துலக்கியதும் விரிப்பின் ஓரத்தை விரல் அளவு தூக்கி, குறைந்த தண்ணீரைச் சொம்பால் நிரப்புவேன். சாமிக்குத் தீர்த்தம் விடுகிற மாதிரி ஒரு நிறைவு அதில்.

புரட்டாசியில் சம்பந்தியம்மா மருமகளைப் பார்க்க வந்தார். புகையும் வலையும் பேட்டுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊரு கொசு பரவால்ல சம்பந்தி. காதுகிட்ட ஒரு பாட்டுப் பாடிட்டுத்தான் கடிக்கும். கேட்டு ஒதுங்கிக்கலாம். உங்க ஊருது எப்படி?"

"எங்க வீட்ல பாடவே ஆள் இல்லம்மா. எல்லாத்தையும் அனுப்பி வெச்சிட்டேன்" என்றேன்.

டப்பாக்களையும் விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். "அடேங்கப்பா" என்று மோவாயில் விரல் வைத்தார். "பெத்த அப்பன்னா இதுதான். இதெல்லாம் எனக்குத் தோணவே தோணாது." அந்தப் பாராட்டு ஒரு வாரத்துக்குக் காணும் எனக்கு.

அவர் போன மறுவாரம் கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பெண் வந்தாள். தோளில் பை, கையில் நோட்டு, வெயிலில் கருத்த முகம். நான் வாசலிலேயே என் வீரப் பிரதாபத்தை ஆரம்பித்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். தொட்டியைப் பார்த்தாள், மரப்பொந்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க அண்ணே. ஆனா நீங்க கொசுவ வெரட்டுறீங்க. அது பொறக்காம பாக்கணும். இந்தக் காய்ச்சல் கொசு சாக்கடைல பொறக்காது. பொழுது சாஞ்சப்புறம் வராது. பகல்லதான் கடிக்கும், சத்தம் கேக்காது. நல்ல தண்ணி, நெழலு, ஆள் கை படாத எடம். அவ்ளோதான் அதுக்கு வேணும். முட்டைய தண்ணில கூட போடாது, டப்பா ஓரத்துல ஒட்டி வெக்கும். காஞ்சாலும் சாவாது. எப்பவாவது தண்ணி ஏறித் தொட்டா பொரிச்சிடும்."

என்ன அழகாகச் சொன்னாள்! 'தண்ணி ஏறித் தொட்டா பொரிச்சிடும்.' அன்று சாயந்திரமே கடையில் மூன்று பேரிடம் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

போகும்போது அவள் கட்டிலைப் பார்த்தாள். "கட்டிலுக்கு அடியில ஒரு தபா பாத்துடட்டுமா?"

மகள் மேலே ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. எட்டாம் மாசத்தில் இருப்பவளை வெளியாள் குனிந்து பார்ப்பதாவது. கண் பட்டுவிடும் என்று மனதுக்குள் ஒரு முள்.

"புள்ள தூங்குதும்மா. அடியில ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரத்தில்தான் மகள் காலைச் சொறிய ஆரம்பித்தாள். காலையில் எட்டு மணிக்கு, பிறகு சாயந்திரம் நாலு மணிக்கு. கணுக்காலிலும் ஆடுசதையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"எறும்பு இன்னும் கடிக்குதுப்பா."

"கொசுவா இருக்கப் போவுதுடி" என்றாள் என் மனைவி.

"கொசு இருந்தா சத்தம் கேக்காதாம்மா? ஒரு சத்தமும் இல்ல."

ஆமாம், எறும்புதான் என்று நான் தீர்மானித்தேன். டப்பாவில் தண்ணீர் போதவில்லை. மறுநாளிலிருந்து விளிம்பு தொடும்வரை ஊற்றினேன். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை மகள் எழுந்திருக்கவில்லை. தொட்டேன். அடுப்பு மேல் இருந்த தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். இரண்டு நாள் இங்கே பார்த்தோம். மூன்றாம் நாள் டாக்டர் ரத்தச் சோதனைத் தாளைக் கீழே வைக்காமலே, "சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இப்பவே" என்றார்.

கார் செம்மங்குப்பத்தைக்கூடத் தாண்டியிருக்காது. மகள் என் தோளில் சாய்ந்தபடி, "சிதம்பரம் வந்துடுச்சா?" என்றாள். சற்று நேரம் கழித்து மறுபடியும், "வந்துடுச்சா?" என்றாள். வழி நெடுக அதையேதான் கேட்டாள். நான் டிரைவரின் தோளைத் தட்டி, இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலை, மாற்றுத் துணியும் போர்வையும் எடுக்க நான் மட்டும் கடலூர் வந்தேன். கொட்டகை மழையில் நனைந்து, கீற்று ஒழுகி, வெறிச்சென்று கிடந்தது. கட்டில் விரிப்பை உருவினேன். அதைக் கையில் சுருட்டிக்கொண்டே குனிந்து டப்பாவைப் பார்த்தேன்.

முதலில் தூசி என்று நினைத்தேன். தூசி ஆடாது. முடித்துணுக்கு அளவு புழுக்கள், கூட்டம் கூட்டமாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் நிழல் பட்டதும் எல்லாம் ஒரே மூச்சில் துடித்து அடியில் இறங்கின. நாலு டப்பாவிலும் அதேதான். ஒன்றின் உள்விளிம்பில் கால் வரிவரியாக ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. பறந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஊரெல்லாம் தேடினேன். அவள் முதுகுக்குக் கீழே, என் கையால், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

டப்பாக்களைக் கவிழ்த்து, நசுக்கி, கொட்டகை ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். கொன்றதைப் புதைக்கிறவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்புறம் கை கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "அவ்ளோ பாத்துப் பாத்து வெச்சிருந்தீங்களே சம்பந்தி, எங்கேர்ந்து வந்து கடிச்சிருக்கும்?"

"பக்கத்து மனைல பழைய டயரு கெடக்குதும்மா. மழத் தண்ணி. அதுலேர்ந்துதான்" என்றேன். நாக்கு தடுக்கவேயில்லை. அந்த மனையில் ஒரு டயரும் கிடையாது.

ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஈறில் ரத்தம் கசிந்தது. ஐந்தாம் நாள் வயிற்றில் அசைவு குறைந்துவிட்டது என்று பிள்ளையை அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குப் படுக்கை சரியாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்தார்கள். மகள் எழுந்து உட்காரவே அதற்குமேல் ஆனது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

தாய் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை. "கடலூர் வேணாம் சம்பந்தி. எங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. என் மனைவி அழுதாள். நான் தலையாட்டினேன்.

மார்கழியில் குழந்தையைப் பார்க்கப் போனேன். சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஷீட் போட்ட ஒரு திறந்த இடம் உண்டு, துணி துவைக்கும் கல்லும் முருங்கை மரமுமாக. வெளிச்சமும் காற்றும் குழந்தைக்கு நல்லது என்று தொட்டிலை அங்கேதான் வைத்திருந்தார்கள். இரும்புக் கால் வைத்த தொட்டில். மேலே பூப்போட்ட வலை மூடியிருந்தது. சுற்றிலும் ஒரு பழைய சேலை தரைவரைக்கும் தொங்கியது.

"எதுக்கும்மா இந்தச் சேலை?" என்றேன்.

"பால் வாடைக்கு எறும்பு வருதுன்னு உங்க ஐடியாதான் சம்பந்தி" என்று பெருமையாகச் சேலையை ஒதுக்கினார். "டப்பா கெடைக்கல. நாலு பிளாஸ்டிக் கிண்ணம் வெச்சேன். தெனமும் தண்ணி ஊத்திடுவேன், ஒரு நாள்கூட விடல."

நான் மண்டியிட்டேன். செல்போன் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் பட்டதும் அவை துடித்து அடியில் இறங்கின.

ஒரு கிண்ணத்தை உருவி, தண்ணீரைச் சிமெண்ட் தரையில் கொட்டினேன். ஈரத்தில் அவை நெளிந்தன. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். "இன்னா இது?"

சொன்னேன். டப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். புழு பார்க்க வந்த பெண்ணைக் கட்டிலுக்கு அடியில் பார்க்க விடாததைச் சொன்னேன். எறும்பு என்று நம்பி இரண்டு வேளை ஊற்றியதை, குழியை, இல்லாத டயரைச் சொன்னேன். அலங்காரம் இல்லாமல் நான் பேசிய ஒரே பேச்சு வாழ்க்கையில் அதுதான். நிமிர்ந்தபோது மகள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

சம்பந்தியம்மா திட்டவில்லை. மீதிக் கிண்ணங்களை எடுத்துக் கொட்டினார். "கவுத்தா போதாதும்மா. ஓரத்தத் தேய்க்கணும்" என்றேன். தேங்காய் நாரை எடுத்து, துவைக்கிற கல்லில் வைத்து, அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஊர்க் கதையெல்லாம் சொல்வீங்களே சம்பந்தி. இத ஒண்ணச் சொல்லக் கூடாதா?"

மகள் வலையை விலக்கிக் குழந்தையைத் தூக்கினாள். போர்வையை நீக்கி ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். இடது கணுக்காலில் நிறுத்தினாள். சிவப்பாக ஒரு தடிப்பு.

எறும்பு என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

பத்து நாள், தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் போன் செய்தேன். வேறெதுவும் கேட்க மாட்டேன். "சுடுதா?" என்று மட்டும் கேட்பேன். மகள் போய்க் குழந்தையைத் தொட்டுவிட்டு வரும்வரை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. காதில் போனை அழுத்திக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இல்லப்பா" என்பாள். வைத்துவிடுவாள்.

பதினோராம் நாளும் "இல்லப்பா" என்றாள். வைக்கவில்லை. பிறகு கேட்டாள்: "கொட்டகைல கட்டில் இன்னும் கெடக்குதா?"

"கெடக்குதும்மா."

"அந்த ஓரத்துல டப்பாவத் தேய்க்காமயே குழி தோண்டிப் பொதச்சியே, மழத் தண்ணி நிக்குதான்னு போய்ப் பாருப்பா."

போனை வைக்காமலே எழுந்து போனேன்.