சீமெந்து பூசிய சுவர்

உள்நாட்டுச் சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு எங்கள் கோயிலுக்கும் நல்ல காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒல்லாந்தர் காலத்தில் கடலில் எடுத்த பவளப்பாறை முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய கோயில். கற்பிட்டிக் கரையில் கத்தோலிக்கருக்கு ஊருக்கு ஊர் கோயில் உண்டு. புரொட்டஸ்தாந்துக்காரரான எங்கள் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு இது ஒன்றுதான். இதை மூடினால் ஆராதனைக்குச் சிலாபம் போக வேண்டும். வயசானதுகள் எப்படிப் போகும்?

சபைச் செயலாளர் இறந்துபோன தன் தாயின் நினைவாகப் பழைய செங்கல் தரைக்கு மேல் டைல்ஸ் பதித்துக் கொடுத்தார். கோயில் கூட்டித் திறந்து பூட்டுகிற எனக்கும் சந்தோஷம்தான், டைல்ஸ் என்றால் கூட்ட லேசு. அடுத்த மாரியில் சுவரில் கொப்புளம் கிளம்பி உப்பாக உதிர்ந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்குக் கோயில் வெள்ளையாக இருக்க வேண்டாமா? உதிர்ந்த இடத்தில் சீமெந்து பூசினோம். மறுவருஷம் அதற்கு மேலே உதிர்ந்தது. அங்கேயும் பூசினோம். நத்தாருக்கு நத்தார் இதே கூத்து.

பழைய கட்டடங்களைத் திருத்தும் பெண் ஒருத்தி கொழும்பிலிருந்து வந்து பார்த்தாள். நிலத்து ஈரம் முன்பு செங்கல் வழியாகக் காய்ந்ததாம். டைல்ஸ் மூடியதும் போக வழியில்லாமல் சுவரில் ஏறுகிறதாம். சீமெந்து அதை உள்ளேயே அடைத்து வைக்க, கல் அரிபடுகிறதாம். இரண்டையும் கழற்றச் சொன்னாள். நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, டைல்ஸக் கழட்டுவம். இல்லாட்டி சுவர் போயிடும்."

"என்ன அக்கா கதைக்கிறீங்க? அம்மாட பேரில போட்டது. அதக் கழட்டுறது அவட கல்லறையக் கிண்டுற மாதிரி."

"கோயில் விழுந்தா?"

"இவ்வளவு காலம் நிண்டது இனியும் நிக்கும்."

அவருடைய தாயை எனக்கும் தெரியும், ஞாயிறு ஆராதனை தவறாதவர். அதனால் எழும்பி வந்தேன். வழியெல்லாம் செயலாளரைத் திட்டினேன். பிறகும் போய்க் கெஞ்சினேன். மற்றவர்களை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. மாரி தொடங்கியது. ஒவ்வொரு மழைக்கும், ஆண்டவரே இந்த முறை மட்டும் என்று மன்றாடினேன்.

ஒரு ஞாயிறு காலை கதவைத் திறந்தால், பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவர் இல்லை, பின்பக்கத்துக் களப்பு நீர் தெரிந்தது. சீமெந்து பாளம் பாளமாகக் கிடந்தது. அதற்குள் இருந்த கல் மாவாகிப் போயிருந்தது. கூரை ஒரு பக்கம் தொங்கியது. பொலிசார் வந்து பார்த்து அன்றைக்கே கோயிலைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள்.

பூட்டப் போனபோது செயலாளர் உள்ளே இருந்தார். முழங்காலில் நின்று இரும்பு அலவாங்கால் டைல்ஸை நெம்பிக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கூரை தொங்குது, வெளிய வாங்க. இனிக் கழட்டி என்ன செய்ய?"

"ஓம் அக்கா," என்றார். நிமிராமலே அடுத்த டைலுக்குக் கீழே அலவாங்கைச் செருகினார்.