நீலக் காரும் நெளிந்த காரும்

பொம்மிடி ரயிலடியிலிருந்து அரூருக்கு வாடகைக் கார் ஓட்ட வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. சேலத்துத் தரகர் ஒருவர் கண்ணைப் பறிக்கும் நீல நிறப் பழைய கார் ஒன்றைக் காட்டி, "பாதி குடுங்க, மீதிய மாசாமாசம் கட்டுங்க" என்றார். அருகில் மூக்கு நெளிந்த கார் ஒன்று மலிவாக நின்றது. கையிலிருந்த பணத்துக்கே கிடைக்கும். நான் நீலக் காருக்குக் கையெழுத்துப் போடப் போனேன்.

உடன் வந்த என் மனைவி பாப்பாத்தி, "ஏனுங்க, மஞ்சவாடிக் கணவாயில ஏத்திப் பாத்துட்டுப் போடுங்க" என்றாள்.

தரகரின் டிரைவர் எங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். பாதி மேட்டில் நீலக் கார் நின்று, பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு புளியமரம் தடுத்ததால் பிழைத்தோம். நான் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். பாப்பாத்தியோ இறங்கி நின்று, "அந்த நெளிஞ்ச வண்டியக் கொண்டாங்க" என்றாள். டிரைவர் பஸ்ஸில் போய் அதை ஓட்டிவந்தார்; அது திணறாமல் உச்சிக்கு ஏறியது. அன்றே வாங்கிவிட்டேன்.

ரயிலடியில் எல்லாரும் "தகர டப்பா" என்று சிரித்தார்கள். ஐப்பசி மழையில் பஸ் சேற்றில் சிக்கிய அன்று, ஒரு கல்யாண மாப்பிள்ளையை எங்கள் கார்தான் முகூர்த்தத்துக்கு முன் அரூரில் இறக்கியது. அதன்பின் எங்கள் காரில் இடம்பிடிக்கப் போட்டிதான்!

சென்ற மாதம் இரண்டாவது கார் வாங்கினோம். இப்போதெல்லாம் மேட்டில் ஏற்றிப் பார்க்காமல் நான் விலையே பேசுவதில்லை. இந்த முறை ஓட்டிப் பார்த்தவள் பாப்பாத்தி!