கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள்

நனைந்த கைலியின் வாசனை. புதுக் கைலி, அதுவரை தண்ணீரைப் பார்க்காதது, சட்டென்று பார்த்துவிட்டது. பாண்டி பஜார் நடைபாதையில் சொல்லாமல் வந்த மழை. கடைக்காரர் தார்ப்பாயைத் தேடி ஓடுவதற்குள் அடுக்கின் மேலிருந்த நாலைந்து கைலிகள் நனைந்து போயின. கஞ்சியும் எண்ணெயும் சாயமும் கலந்து எழுந்த அந்த நெடியில், குடையை விரிக்க மறந்து நின்றேன். இந்த வயதில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு. என் மூக்கு மட்டும் தனியாகக் கழன்று பதினோரு வயதுக்கு ஓடிப்போனது.

மயிலாப்பூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். வருஷம் முழுக்க வெள்ளை யூனிபாரம். பிறந்த நாளன்று மட்டும் கலர் டிரஸ். கொக்குக் கூட்டத்தில் ஒரே ஒரு கிளி. அந்தக் கிளியைச் சோதனை போட எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். சுகுணா. தி.நகரில் நகைக்கடை வைத்திருந்த குடும்பம், சிங்கப்பூரில் பெரியப்பா. அவர் அனுப்பும் நைலான் கவுன்களை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை, அவள் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்திருந்தோம்: முத்துப் பொத்தான், மூன்று அடுக்கு லேஸ், கசக்கினாலும் சுருங்காத பாவாடை. பிறந்த நாள்காரி மிட்டாய் டப்பாவோடு வந்து நின்றதும் சுகுணா மெதுவாக அவளுக்குப் பின்னால் போவாள். இரண்டு விரலால் கழுத்துப் பட்டியை மடிப்பாள். உள்ளே லேபிள் இருந்தால் உரக்கப் படிப்பாள். இல்லையென்றால் ஒரே வார்த்தை: "தையக்கடை."

திட்டு இல்லை அது. ஆனாலும் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்ட ஒருத்தி அன்று மதியம் முழுக்கப் பின்னலை அவிழ்த்துக் கழுத்தின் மேல் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மிட்டாய் எல்லோரும் தின்றோம்.

எங்கள் வீட்டுத் துணியெல்லாம் தெருமுனைத் தையல்காரர் கையில் பிறந்தவை, வளர்கிற பிள்ளை என்று கீழே நாலு விரல் மடிப்போடு. ஆகஸ்டில் என் பிறந்த நாள்; அது நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்து கொடுத்தாள்.

பூச்சி இல்லை, லேபிள் என்று மாமாதான் கண்டுபிடித்தார். அம்மாவின் தம்பி, ஆழ்வார்பேட்டையில் வெளிநாட்டுக்கு உடுப்பு அனுப்பும் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை. ஒரு சாயங்காலம் செய்தித்தாள் பொட்டலத்தை என் மடியில் போட்டார்.

"இந்தா கண்ணு. அமெரிக்காவுல பொண்ணுங்க இத்தத்தான் போட்டுக்கினு சுத்துதுங்க."

சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கவுன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாடா இது, கைலித் துணியில கவுனு? பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டாங்க?"

"உனக்கு இன்னாக்கா தெரியும்? ஒரு தோள்ல கட்டம் மேல ஏறிக்கீது, அதான் கழிச்சிட்டாங்க. இல்லாங்காட்டி இந்நேரம் கப்பல்ல போய்க்கினு இருக்கும்."

நான் எதையும் கேட்கவில்லை. கழுத்தைப் புரட்டிவிட்டேன். இருந்தது! பட்டுப் போல வழுவழுத்த லேபிள், தங்க நூலில் நியூயார்க். அதன் கீழே எறும்பு வரிசை போல ஏதோ பொடி எழுத்து. எறும்பை யார் படிப்பார்கள்?

புதுக் கலர்த்துணி என்றால் ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா பக்கெட்டோடு வந்தபோது மாமா குறுக்கே பாய்ந்தார்.

"அக்கா, தண்ணியே காட்டாத! சாயம் ஓடிடும். அவங்க அப்பிடித்தான் கேட்டு வாங்கிக்கிறாங்க."

"சாயம் ஓடற துணிய எவனாவது கேட்டு வாங்குவானா? போடா!"

மாமா நிறையப் பொய் சொல்கிறவர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தோம். ஆனால் தண்ணீர் என்ற சொல் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. வியர்வை தண்ணீர்தானே? மழை? பக்கத்துப் பெஞ்சுக்காரியின் தும்மல்?

பிறந்த நாளன்று கைகளை உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு, வெயில் படாத ஓரமாகவே நடந்து பள்ளிக்குப் போனேன். சுகுணாவின் விரல்கள் என் கழுத்தில் ஜில்லென்று பட்டன. "நியூயார்க்," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கோ சந்தோஷத்திலேயே அக்குள் வியர்த்தது. அதைப் பற்றி உடனே பயம் வந்தது.

மத்தியானம் கை கழுவும் இடத்தில் யாரோ ஒருத்தி குழாயை விரலால் அடைத்து விளையாடினாள். தண்ணீர் என் தோளில் முழுசாக விழுந்தது. முழங்கை வழியாகச் சிவப்பு, அதன் பின்னால் நீலம். பக்கத்தில் நின்றவளின் வெள்ளைப் பாவாடையில் சொட்டுச் சொட்டாக.

"ஐயையோ, சாயம் போறதுடி!"

"கைலிடி இது! எங்க ரிக்‌ஷாக்காரர் இதத்தான் கட்டிக்கினு வருவாரு."

"எங்காத்துல பாத்திரம் தொடைக்கறதும் இப்படித்தான் இருக்கும்."

சிரிப்பு. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சுவரிலும் நீலம் ஒட்டியது. அப்போது சுகுணா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மறுபடியும் என் கழுத்தைப் புரட்டினாள். எறும்பு வரிசையைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். இது கையால் நெய்த மெட்ராஸ் துணி. ஒவ்வொரு சலவைக்கும் சாயம் விடும். அதற்கு நாங்கள் உத்தரவாதம்.

சிரித்தவர்கள் லேபிளை எட்டிப் பார்த்தார்கள். லேபிளில் அச்சடித்திருந்தால் அது தீர்ப்பு. அவள் ஏற்படுத்திய சட்டம்தான்.

"உன்னுது சாயம் போகுமாடி?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். "போகாதே," என்றாள் அவள் வெட்கத்தோடு. அதற்குள் கைக்குட்டைகள் வெளியே வந்துவிட்டன. என் தோளில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டார்கள், நியூயார்க்கின் சிவப்பை, நியூயார்க்கின் நீலத்தை. பாவாடையில் கறைபட்டவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். எனக்குக் கவலை தீரவில்லை, இடம் மாறியது. மணி அடிப்பதற்குள் சாயமெல்லாம் தீர்ந்துவிட்டால்?

சாயங்காலம் வாசலில் சுகுணாவின் கார் நின்றது. டிரைவர் கதவைத் திறந்தும் அவள் ஏறாமல் என்னிடம் வந்தாள். சோதனை இன்னும் முடியவில்லை என்று கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் லேபிளைப் பார்க்கவில்லை. தோளில் ஏறி நின்ற அந்தக் கட்டத்தை விரலால் ஒரு முறை தடவினாள், ஏதோ சொல்ல வந்தாள், போய்விட்டாள்.

கார் நகரும்போது கண்ணாடியை இறக்கினாள். அவள் சொன்னதை ஏதோ தேதி என்றுதான் அப்போது நினைத்தேன். சோதனையிலிருந்து தப்பித்தோம் என்று தலையாட்டினேன்.

"எனக்கு மே மாசம்டி பொறந்த நாள். எல்லா வருஷமும் லீவு."