உப்புப் போட்ட கொக்கு எச்சம்

யோகராசா அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில். நெஞ்சு வலி என்று மகள் மெசேஜ் போட்டிருந்தாள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. வாவியில் மீன் பிடிப்பவர். என் ரிசர்ச்சுக்குத் தோணி ஓட்ட வந்து, இரண்டு வருடம் என்னோடு கொக்கு எச்சம் பொறுக்கினார்.

சிரிக்க வேண்டாம். பறவை பயந்தால் உடம்பில் கூடும் ஸ்ட்ரெஸ் ஹோமோன் கொஞ்ச நேரம் கழித்து எச்சத்திலும் வரும். லேபில் அளக்கலாம். சுற்றுலா போட்கள் போகும் பக்கத்துக் கண்டல் மரங்களில் தங்கும் கொக்குகள் கூடுதலாகப் பயப்படுகின்றனவா... அதுதான் என் கேள்வி.

ஒன்றைப் பிடித்து இரத்தம் எடுத்தால் கெதியாக முடியாதா என்று முதல் நாளே கேட்டார். பிடித்தாலே பயந்துவிடும், பிறகு நாங்கள் உண்டாக்கிய பயத்தைத்தான் அளப்போம் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அதுக்குத் தெரியாமத்தான் கேக்கணும்."

அதன் பிறகு தோணியில் இருமக்கூட மாட்டார். மரத்தடிச் சேற்றில் பொலித்தீன் விரித்துவிட்டுத் தள்ளிப் போய்க் காத்திருப்போம். விழுந்த கையோடு எடுத்துக் குப்பியில் போட்டு ஐஸில் வைக்க வேண்டும்.

ஒரு கிழமை எனக்குக் காய்ச்சல். தனியாகவே போனார். கடைசி நாள் எங்கேயும் ஐஸ் இல்லை, பெட்டியில் இருந்ததும் கரைந்துவிட்டது.

ஐஸ் இல்லாவிட்டால் மீனுக்கு என்ன செய்வாரோ, அதையே செய்துவிட்டார். அந்தக் கிழமைச் சாம்பிள் அத்தனைக்கும் உப்பு.

"பழுதாகிடும் எண்டு நல்ல தூள் உப்பாப் பாத்துப் போட்டன் புள்ள," என்று குப்பிகளை நீட்டினார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

லேபில் ஒன்றும் உதவாது என்றார்கள். தீசிஸ் பிந்தும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தோணியில் இருந்தபடியே என் ரிசர்ச்சைப் பார்க்கும் சேருக்குப் போனில் கோல் எடுத்து, படிக்காத ஆட்களிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று சொன்னேன்.

அவர் எனக்குப் பின்னால் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்... கேட்காமல் எப்படி.

அடுத்த நாள் எனக்கு முன்னமே துறையில் நின்றார். மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி இரண்டு, இரண்டிலும் ஐஸ். பெட்டிகளைத் தோணியில் ஏற்றிவிட்டுக் கம்பை எடுத்தார்.

கடைசியில் போட் பக்கத்துக் கொக்குகளுக்குத்தான் ஹோமோன் கூடுதலாக இருந்தது. அது தனக்கு முதலே தெரியும் என்றார்.

தீசிஸின் நன்றிப் பக்கத்தில் சேர் இருக்கிறார், லேப் ஆட்கள் இருக்கிறார்கள், என் பூனைகூட இருக்கிறது. அவர் பெயர் இல்லை. 'உள்ளூர்ப் படகோட்டி ஒருவர்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தேன்.

மறதி இல்லை. கோபம்.

தீசிஸில் ஒரு கொப்பி கேட்டார், கொடுத்தேன். இங்கிலீஷ் வாசிக்க மாட்டார்தானே என்ற தைரியம். வீட்டில் ஒரு மகள் படித்துக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை.

இன்று அவள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் எழுதிய அந்த வரிக்கு மேலே, நீலப் பேனையால், தமிழில், கொஞ்சம் சரிந்த எழுத்தில் ஒரு பெயர்.

"அப்பா எழுதினது அக்கா. வீட்ட வாற எல்லாருக்கும் இது நான்தான் எண்டு காட்டுவார்."

நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறார்களாம். என்னால் போக முடியாது, தூரத்தில் இருக்கிறேன்.

இளையதம்பி யோகராசா. அவர் எழுதியிருந்தபடியே இங்கே எழுதுகிறேன்.

போயிட்டு வாங்க அண்ணன்.