கேஸ் ஷீட்டின் ஏழாவது கேள்வி

எங்கள் தொழிலில் பெண்கள்தான் அதிகம். பேச்சு வராத குழந்தைகளைப் பேசவைப்பது, பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி விழுங்கக் கற்றுக்கொடுப்பது, இதுதான் வேலை. அப்படியிருந்தும், தி.நகர் ஹோட்டல் ஒன்றில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மாநாடு என்று வந்த அழைப்பின் கடைசி வரி, குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்றது. பிள்ளைகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வருவோம் என்று நினைத்தார்கள் போல.

முதலில் கொதித்தது சாந்தோமில் இருக்கும் என் தோழி. பூசை முடிந்ததும் பாதிரியாரிடமே போய்ப் பிரசங்கம் நீளம் என்று சொல்லக்கூடியவள். ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தாள், ஹோட்டல்காரர்களிடம் பேசினாள், மாநாட்டு ஹாலை ஒட்டி, உபரி நாற்காலிகளை அடுக்கிவைக்கும் சின்ன அறையை வாங்கிவிட்டாள். பெற்றோர் எட்டுப் பேர், குழந்தைகள் ஒன்பது. முறைபோட்டுப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஒவ்வொரு அமர்வையும் ஒருவர் விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். தன் கட்டுரையை வாசிக்கிற நேரத்தில் யாருக்கும் முறை வராது. அட்டவணை போட்டது நான். அந்த மாதங்களில் கட்டம் போடுவது, கட்டத்தை நிரப்புவது மாதிரியான வேலைகள்தான் எனக்கு ஓடின.

என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஐந்து வயது மகளை வேளச்சேரியில் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். எல்லாம் முடிந்து மயிலாப்பூர் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த அன்று, அப்பா எங்கே என்று கேட்டாள். ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று என் வாய் சொல்லிவிட்டது. நாளைக்குச் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவேயில்லை. குழந்தைகளிடம் பொய் சொல்லாதீர்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று என்னிடம் வரும் பெற்றோர்களுக்கு உபதேசம் செய்கிறவள் நான்.

அவள் இரண்டு வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் என்னை விட்டு இருக்க மாட்டேன் என்றாள். ஆனால் குளிக்கப் போனால் மட்டும் தனியாகத்தான் போவாள், குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருப்பாள். லாரித் தண்ணீர் வாங்கிப் பிழைக்கிற வீட்டில் இது என்ன கூத்து என்று கதவைத் தட்டுவேன்.

நான் அழவில்லை. தைரியசாலி என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, கடித்தாலும் தெரியாது, அப்படி இருந்தேன்.

சனிக்கிழமை காலை தோழி ஒரு கட்டு கேஸ் ஷீட் கொண்டுவந்தாள். நாங்கள் புதிய குழந்தை வந்தால் நிரப்புகிற அதே தாள். இரண்டு நாள் விளையாட வந்த, வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைகளுக்கு கேஸ் ஷீட் எழுதுவது எங்களைத் தவிர யாருக்கும் தோன்றாது. எங்களுக்கோ அது வினோதமாகவே படவில்லை. தாய்மொழி, முதல் சொல் வந்த வயது, சாப்பாடு, பயம் என்று காபி மேசையில் நின்றபடியே எல்லோரும் மளமளவென்று எழுதினோம். ஏழாவது கேள்வி, குழந்தை யாரிடம் அதிகம் பேசும் என்பது. பன்னிரண்டு வருடமாக மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய கேள்வி. கை அது பாட்டுக்கு எழுதியது. நான் திரும்பப் படித்துப் பார்க்காமல் ஃபைலில் வைத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு என் கட்டுரை. அந்த நேரத்து முறை எங்கள் குழுவின் ஒரே ஆணுக்கு, பெருங்குடியிலிருந்து இரட்டைப் பையன்களோடு வந்திருந்தவருக்கு. மகள் என் காலைக் கட்டிக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனேன். பக்கவாத நோயாளிகள் விழுங்குவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் என் மகளுடைய ஷீட் இருந்தது. நான் போன கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்திருக்கிறாள். எப்படிச் சமாதானம் செய்வது என்று அவர் ஷீட்டைப் பார்த்திருக்கிறார். ஏழாவது கேள்விக்கு 'அப்பா' என்று இருந்திருக்கிறது. அழாதே, அப்பா இப்போது வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறார். உடனே அழுகையை நிறுத்திவிட்டு, குனியச் சொல்லிக் காதில் பேசியிருக்கிறாள். அதை அவர் ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். நோயாளி பேசுவதை அப்படியே பதிவு செய்கிற தொழில் பழக்கம்.

"எங்கப்பா வர மாட்டாரு அங்கிள், செத்துட்டாரு. எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அவங்களுக்குத் தெரியாது."

அவர் மன்னிப்புக் கேட்டார். நான் நன்றி சொன்னேன். பால் குடித்தாளா என்று கேட்டேன். குடித்தாள் என்றார்.

மாலை வீட்டுக்குப் போகும்போது மெட்ரோ வேலைக்காக அடைத்த சாலையில் ஆட்டோ நின்றுவிட்டது. அவளைப் பார்க்காமல், எதிரே இருந்த நீலத் தகரத் தடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்பா செத்துட்டாருன்னு எனக்கும் தெரியும்மா."

"யாரு சொன்னா? அந்த அங்கிளா?"

"ஆஸ்பத்திரியில நான் கூடவே இருந்தேன்."

அவள் யோசித்தாள். அப்புறம் ஏன் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாய் என்று கேட்டாள். பயமாக இருந்தது என்றேன். அது உண்மை. அவள் கேட்பதை நிறுத்தினாளே, அதற்கு முந்தின நாள் அக்கா மகள் போனில் சொல்லிவிட்டாளாம். ஆறு மாதத்துக்கு மேலாக எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஐந்து வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை. ஆட்டோ நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் முறை. ஃபைலில் இருந்து அவள் ஷீட்டை எடுத்தேன். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவளிடம், ஒரு பதிலைத் திருத்த வேண்டும், நீ யாரிடம் அதிகம் பேசுவாய் என்று கேட்டேன்.

"அப்பாகிட்டதான்," என்றாள், நிமிராமல்.

"இப்பவுமா?"

"பாத்ரூம்ல. பைப்பைத் திறந்து வச்சிட்டா உனக்குக் கேக்காதுல்ல."

பேனாவை மூடி, ஷீட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். இரட்டையர்களில் ஒருவன் தண்ணீர் கேட்டான், ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலை வழக்கம்போல அவள் குளிக்கப் போனாள். குழாய் ஓடியது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. நான் கதவைத் தட்டவில்லை. லாரிக்காரருக்குப் போன் செய்து மறுநாள் வரச் சொல்லிவிட்டு, பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன், தண்ணீர்ச் சத்தம்தான். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கேட்டிருக்காது.