பனிக்கடியில் மென்றது எது?

ஜூன் 19, வியாழன். மாலை எழுத்து வகுப்பில் நேற்று நான் வாசித்த குறிப்பில் ஒரு பிழை. பனிக்கடியில் ஐந்து ஆடுகள் என்றேன், நான்குதான். மற்றதெல்லாம் நடந்தது. எனக்கே சில நாள் சந்தேகம் வரும். ஆனால் நடந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நியூசிலாந்தின் ஒடாகோ மலையில் எங்கள் பண்ணை, இன்றும் நான் இருப்பது இங்கேதான். ஜூன் இங்கே குளிர்காலம். மூன்று நாள் விடாமல் பனி கொட்டியதில் வேலிக்கம்பங்களே தெரியவில்லை. செம்மறிகள் புதைந்துபோயின. புதைந்த ஆட்டின் மூச்சுச் சூடு மேலே ஒரு துளையை உருக்கும். அதன் ஓரம் மஞ்சளாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் தோண்டுவோம். பசி முற்றினால் உள்ளே ஒன்றின் கம்பளியை ஒன்று தின்னும்.

நாலாம் நாள் பிற்பகல் மேல்மலையில் அண்ணன் ஹேமிஷ் ஒரு துளையைக் கண்டான். ஆவி வந்தது. திரிந்த பாலின் வாடை. உள்ளே மெல்லும் சத்தம்... ஈரமாக, நிதானமாக.

ஹேமிஷ் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டான்.

“நக்குதுடி எய்ல்சா. நீ கஞ்சி குடிக்கிற சத்தமேதான்.”

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்பா... விடமாட்டேங்குது.”

அவன் முகம் பனிக்குள் இறங்கியது. தலை மறைந்தது. அப்பா ஓடிவந்து அவன் கால்களைப் பிடித்து இழுத்தார். நான் அப்பாவின் இடுப்பைப் பிடித்துத் தொங்கினேன்.

கை வந்தது. கையுறை வரவில்லை.

முழங்கைவரை கோழை. வெதுவெதுப்பாக. அதில் கம்பளி இழைகள், ரத்தம். அப்பா உடனே துணியைச் சுற்றினார்.

அப்பா தோண்டினார். நான்கு ஆடுகள். பாதிக் கம்பளி இல்லை. உரித்த கோழிபோல ஊதாத் தோல். ஒன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“கட்டையா விறைச்சிருக்கு. நாலும் முதல் நாளே செத்திருக்கு.”

“அப்ப எது நக்குச்சு?” என்றேன்.

“வாயை மூடிட்டு நட.”

கையுறை அங்கே இல்லை.

பனி உருகியதும் செத்த ஆடுகளின் கம்பளியைப் பிடுங்குவது எங்கள் வேலை. அழுகிய தோலும் புழுவும் சேர்ந்தே வரும். அப்பா ஒரு கொத்தைக்கூட வீணாக விடமாட்டார். அந்த நான்கை மட்டும் தொடவிடாமல் எரித்தார்.

குறிப்பைச் சரிபார்க்க இன்று ஹேமிஷுக்கு ஃபோன் செய்தேன்.

“ஆடு கடிச்ச தழும்பு இன்னும் இருக்கா?”

“இருக்கு. உள்ளங்கையில ஒரு வரிசை, புறங்கையில ஒரு வரிசை.”

“ரெண்டு பக்கமுமா?”

“அப்பா அன்னைக்கே பாத்துட்டாரு. உன்கிட்ட சொல்லவேணாம்னாரு.”

செம்மறிக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கடித்தால் ஒரு பக்கம்தான் தழும்பு விழும்.

நாளை பனி விழும் என்கிறார்கள். காலையில் நான் அதே மேல்மலைக்குப் போய் ஆடுகளைக் கீழே இறக்க வேண்டும்.